தைனமோவும் செய்தியும்

1990 ஜூனில் போர் மீண்டும் மூண்டபின் யாழ்ப்பாணக் குடாநாட்டில் மின்சாரம் நின்றது; பற்றரியும் தடைப்பொருளாயிற்று. மணிக்கூட்டுக்கான ஒற்றைப் பற்றரியில் என்ன போர்த்தந்திரம் கண்டனரோ!

மாணவராயிருந்த நாம் வானொலியை இயக்க வழி தேடினோம். சைக்கிளைக் கவிழ்த்து, மிதிகட்டையைக் கையாற் சுழற்றினால் தைனமோ 6 வோல்ற்று தரும். ஆனால் அது ஆடலோட்டம். நேரோட்டமாக்க நான்கு இருவாயிகள் வேண்டும். கடைகளில் ஏது? பழுதான வானொலிகளைப் பிரித்து ஒவ்வொன்றாய்க் கழற்றினோம். பற்றவைக்கும் கோலைச் சிரட்டைக்கரியிற் சூடாக்கினோம். பாடநூலில் ஒரு பக்கத்தில் முடிந்த விடயம் எமக்கு ஒரு மாதவேலையாயிற்று.

இரவில் ஒருவர் சுழற்ற, அயலவர் கூடிச் செய்தி கேட்பர். கை சோர்ந்தால் குரலும் தேயும். குண்டு விழுந்த ஊரின் பெயர் வரும்வரையேனும் கை தளரலாகாது என்பதே எம் கவலை.