இறங்காத டிகாக்‌ஷன்

பில்டரில் டிகாக்‌ஷன் இறங்கவில்லை என்றால் எல்லோரும் முதலில் துளைகளைத்தான் சந்தேகிப்பார்கள். ஊசியால் குத்துவதும் அடுப்பில் காட்டி அடைசலை எரிப்பதும் வீட்டுக்கு வீடு நடக்கிற வைத்தியம். அடைத்த துளையைத் திறக்கத்தான் வேண்டும். ஆனால் துளை சுத்தமாக இருக்கிற நாட்களிலும் டிகாக்‌ஷன் சண்டித்தனம் செய்கிறதே? வேகத்தைத் தீர்மானிப்பது துளைகளுக்கு மேலே கிடக்கும் தூள். வடிகட்டுவதும் அதுவேதான்; தகடு அதைத் தாங்கிக்கொண்டிருக்கிறது, அவ்வளவே.

இதை அளந்து சொன்னவர் பிரான்சின் டிஜோன் நகரத்துப் பொறியாளர் ஆன்ரி டார்சி. 1840-இல் தம் ஊருக்கு ஊற்றுநீரைக் கொண்டுவந்து சேர்த்தவர். பிறகு அங்கிருந்த மருத்துவமனையில், மணல் நிரப்பிய குழாய்க்குள் நீரை விட்டுப் பார்த்து, 1856-இல் முடிவை வெளியிட்டார். மேலே நிற்கும் நீர் உயர உயர ஓட்டம் கூடும். மணல் படுகை தடிக்கத் தடிக்கக் குறையும். நிலத்தடி நீரைக் கணக்கிடுகிறவர்கள் இன்றும் நம்பியிருக்கும் இந்த விதி நம் பித்தளை பில்டருக்கும் பொருந்துகிறது என்பது எனக்கு அலுக்காத சந்தோஷம்.

படுகையின் உயரத்தைவிட மணியின் அளவு பொல்லாதது. விட்டம் பாதியானால் வேகம் பாதியாவதோடு நிற்காது, ஏறக்குறைய கால் பங்காகிவிடும். அரைக்கும் கடையில் 'நைசாக' என்று சொல்லும் ஒரு சொல்லுக்கு இவ்வளவு விலை! தூளை அழுத்தி அமுக்கினாலும் இதே கதிதான். இருக்கும் இடுக்குகளும் அடைபட்டுப்போகும். சூடு இதற்கு நேர்மாறாக உதவும். 90 டிகிரி வெந்நீரின் பிசுக்குமை, 20 டிகிரி தண்ணீருடையதில் மூன்றில் ஒரு பங்குதான். கொதித்ததை ஆறவிட்டு ஊற்றுகிறவர்கள் வேகத்தையும் இழக்கிறார்கள், சாரத்தையும் இழக்கிறார்கள்.

அதற்காகத் தூளை ரவை போல அரைத்துக்கொள்வதை நான் ஒப்பமாட்டேன். விறுவிறுவென்று இறங்கும், சரிதான். ஆனால் தூளோடு நீர் தங்கவே இல்லையே, கள்ளிச்சொட்டு டிகாக்‌ஷன் எங்கிருந்து வரும்?

பலர் கவனிக்காத இன்னொன்று, காற்று. கீழ்ப்பாத்திரத்தில் டிகாக்‌ஷன் சேரச் சேர, உள்ளே இருக்கும் காற்று வெளியேறியாக வேண்டும். இரண்டு பாத்திரமும் இறுகப் பொருந்தி, விளிம்பில் ஈரமும் படிந்துவிட்டால் அதற்கு வழியில்லை. உள்ளே சிக்கிய காற்று கீழிருந்து எதிர்த்துத் தள்ளும். ஊசியைத் தேடுவதற்கு முன் மேல்பாத்திரத்தைச் சற்றே தூக்கி வைத்துப் பாருங்கள்.