சேணத்தோடு ஏற்றலாமா?

குதிரையைப் பற்றி எழுத ஓர் அரசு எழுத்தருக்கு என்ன தகுதி உண்டு என்று அன்பர்கள் வினவக்கூடும். வினவுதல் முறையே. கோப்புகளைத் தவிர வேறெதையும் நாம் ஓட்டியதில்லை. அவையும் நாம் விரும்பிய வேகத்தில் ஓடியதில்லை. எனினும், தில்லியில் இருபது ஆண்டுகள் வாழ்ந்த எவரும் குதிரையை அறியாதிருத்தல் அரிது. கார்த்திகை பிறந்தால் இந்நகரில் மணப்பருவம் தொடங்கிவிடுகிறது. மணமகன் வெண்ணிறப் பெண் குதிரைமீது ஏறி, வாத்தியங்கள் முழங்க, மணமகளின் இல்லம் செல்வது இங்குள்ளோர் வழக்கம். மாலை வேளைகளில் அக்குதிரைகள் தெருவோரமாக நடந்து செல்லும். தொலைவு மிகுந்தால், சிறு சரக்கு வண்டியில் நின்றபடி செல்லும்.

அவ்வாறு செல்லும் குதிரையைச் சேணமும் கடிவாளமும் பூட்டிய கோலத்திலேயே ஏற்றுவதா, அவற்றைக் கழற்றி வெறும் முதுகோடு ஏற்றுவதா என்பது ஒரு வினா. பார்வைக்குச் சிறு வினாதான். அதை நம் முன்னிலையில் இருவர் வழக்காடக் கேட்ட பின்னரே அதன் ஆழம் நமக்குப் புலப்பட்டது.

சென்ற குளிர்காலத்தில் ஓரிரவு, நம் குடியிருப்பின் வாயிலருகே ஊர்வலம் ஒன்று முடிந்திருந்தது. குதிரைக்கார முதியவரும் அவருடைய அண்ணன் மகனான இளைஞனும் வண்டியருகே நின்றனர். "சாச்சா, இன்னும் இரண்டு ஊர்வலம் பாக்கி. கழற்றி மாட்டவே அரை மணி போய்விடும். அப்படியே ஏற்றுவோம்" என்றான் இளைஞன். குதிரை வாங்கிய கடனுக்கு மாதந்தோறும் தவணை கட்டுபவன் அவன். மணநாள்களோ ஆண்டில் சிலவே. பெரியவர் அசையவில்லை. "தலையில் மூட்டை, தோளில் பெட்டி, வாயில் ஓர் இரும்புத் துண்டு. இவற்றோடு நீ ஒருமுறை பேருந்தில் நின்று பார்" என்றார். பிறகு நம் பக்கம் திரும்பி, "நீங்களே சொல்லுங்கள், பாபுஜி" என்றார்.

இரு தரப்பையும் பதிவு செய்யாமல் குறிப்பெழுதுவது நம் தொழிலில் இல்லை. ஆகவே இரண்டையும் கேட்டோம்.

இளைஞனின் தரப்பில் நியாயம் இல்லாமலில்லை. செல்லுமிடத்தில் இருட்டு, நெரிசல், வெடிச்சத்தம். அங்கே மிரளும் குதிரைக்குச் சேணம் பூட்டுவது எளிதன்று. இங்கிலாந்தில் முன்பு நரி வேட்டைக்குச் சென்றோர், குறுகிய தொலைவாயின் சேணத்தோடே குதிரையை வண்டியில் ஏற்றிச் சென்றதுண்டு. அவர்களும் கடிவாளத்தின்மேல் தலைக்கயிறு ஒன்றை மாட்டி, அந்தக் கயிற்றைத்தான் வண்டியில் கட்டினர். அங்கவடிகளைத் தொங்கவிடாமல் மேலேற்றி வைத்தனர். ஏற்ற வேண்டுமென்றால் இந்த எச்சரிக்கையேனும் வேண்டும்.

பெரியவரின் தரப்பு இதனினும் வலியது. குதிரை வண்டியில் ஏறிவிட்டால் ஓய்வெடுக்கிறது என்று நாம் எண்ணுகிறோம். உண்மை அதுவன்று. வண்டி திரும்பும்போதும் நிற்கும்போதும் அது கால்களை அகற்றி ஊன்றித் தன் உடலைச் சமன் செய்தாக வேண்டும். ஓடும் வண்டியில் நிற்பதே அதற்கு ஓர் உழைப்பு. அவ்வுழைப்பில் உடல் சூடேறும், வியர்க்கும். சேணத்தின் கீழுள்ள வியர்வை உலர வழியில்லை. வயிற்றுவாரை இறுக்கிவிட்டால் உராயும். தளர்த்திவிட்டால் சேணம் சரிந்து வயிற்றின் கீழ் தொங்கும். அப்போது மிரளும் குதிரையை யார் அடக்குவது?

கடிவாளமோ இன்னும் கொடிது. வார் ஒரு தாழ்ப்பாளில் சிக்கிக்கொண்டால், குதிரை தலையை உதறும் ஒவ்வொரு முறையும் இரும்பு அதன் வாயைக் கிழிக்கும். மேலும், குதிரை மனிதரைப் போல வாயால் மூச்சுவிட இயலாது. மூக்கு ஒன்றே அதற்கு வழி. மூச்சுக்குழலில் சேரும் தூசியையும் சளியையும் தலையைத் தாழ்த்தியே அது வெளியேற்றும். நீண்ட நேரம் தலையை உயர்த்திக் கட்டிச் சென்றால், நுண்கிருமிகள் நுரையீரல்வரை இறங்கி நோய் உண்டாகும் என்பதைக் கால்நடை மருத்துவர் நன்கறிவர். உயிரைப் பறிக்கவும் வல்ல நோய் அது.

இவ்வளவும் கேட்டபின் நாம் விதிநூலை நாடியதில் வியப்பில்லை. 1960ஆம் ஆண்டின் விலங்கு வதைத் தடுப்புச் சட்டத்தின்கீழ், 1978இல் விலங்குப் போக்குவரத்து விதிகள் வகுக்கப்பட்டன. அவற்றில் குதிரை இனத்திற்கென்றே ஒரு பகுதி உண்டு. பயணத்திற்கு ஏற்றது என்று மருத்துவர் சான்றளிக்க வேண்டும். ஏற்றவும் இறக்கவும் சாய்தளம் வேண்டும். சாலை வழியாயின் குதிரைகளுக்கிடையே 8 சென்டிமீட்டருக்குக் குறையாத விட்டமுள்ள மூங்கில் கழிகள் வேண்டும். எதிர்வரும் வண்டிகளைக் கண்டு மிரளாதவாறு தலைகள் இடப்புறம் நோக்கியிருக்க வேண்டும். வேகம் மணிக்கு 35 கிலோமீட்டரைத் தாண்டலாகாது. பெயரறியா எழுத்தர் ஒருவர் எங்கோ ஒரு மேசையில் குதிரையின் அச்சத்தை எண்ணிப் பார்த்து, மூங்கிலின் பருமனைக்கூட எழுதி வைத்திருக்கிறார். நம் தொழில்மீது நமக்கு மதிப்பு உண்டாகும் தருணங்கள் சிலவே. இது அவற்றுள் ஒன்று.

குதிரைப் பயணம் தமிழர்க்குப் புதிதன்று. காவிரிப்பூம்பட்டினத்தில் கடல்வழி வந்த குதிரைகளைப் பட்டினப்பாலை குறிக்கின்றது. பதின்மூன்றாம் நூற்றாண்டில் பாண்டியரின் காயல் துறைமுகத்திற்கு அரபு, பாரசீக நாடுகளிலிருந்து குதிரைகள் வந்திறங்கின. ஓர்முசுத் துறைமுகத்து மரக்கலங்களில் சரக்கை அடுக்கி, அதன்மேல் தோல்களைப் பரப்பி, அத்தோலின்மேல் குதிரைகளை நிறுத்தி இந்தியாவுக்கு அனுப்பினர் என்று மார்க்கோ போலோ எழுதியுள்ளார். வந்த குதிரைகளைப் பேணும் முறையறிந்தோர் இங்கில்லாமையால் அவற்றுள் மிகப்பல மாண்டன என்றும், ஆண்டுதோறும் புதியன வாங்க வேண்டியிருந்தது என்றும் அவரே கூறுகிறார். பெரும்பொருள் கொடுத்து வாங்கியவற்றைப் பேணும் கலைக்குச் சிறுபொருள் கொடுக்க மனமில்லாமற்போயிற்று போலும்.

அன்றிரவு பெரியவர் கடிவாளத்தைக் கழற்றித் தலைக்கயிற்றை மாட்டினார். வயிற்றுவாரை அவிழ்த்தார். ஜரிகைத் துணியை மடித்தார். அனைத்தும் முடியப் பத்து நிமிடங்களே ஆயின. இளைஞன் முணுமுணுத்துக்கொண்டே சேணத்தை வாங்கி முன்னிருக்கையில் தன் மடிமீது வைத்துக்கொண்டான். அந்தப் பெண் குதிரை தலையைத் தரைவரை தாழ்த்தி, ஒரு முறை நீளச் செருமி, உடலைச் சிலிர்த்துக்கொண்டு, தானாகவே பலகைமீது ஏறிற்று. நம்மிடம் கேட்ட தீர்ப்பை நாம் சொல்ல வேண்டிய தேவையே எழவில்லை.

இதைப் புலம்பெயர்ந்து வாழும் நம்மவர் முன் வைப்பதற்குக் காரணம் உண்டு. பேரப்பிள்ளை பிறந்ததென்று ஊரிலிருந்து தாயை வரவழைக்கிறோம். தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் இரண்டு இரவும் ஒரு பகலும் அமர்ந்து வருகிறார் அவர். விடியலில் வீடு சேர்ந்ததும் அவர் கால் முதலில் செல்வது அடுக்களைக்கு. விடுப்பு முடிந்து திரும்பும் இல்லத்தரசியும் பெட்டியைத் திறக்குமுன் அடுப்பைத் திறக்கிறார். அரை நாள் விடுப்பைக் காக்க வேண்டி, புதுதில்லி நிலையத்திலிருந்து நேரே அலுவலகம் ஏகும் நண்பர்களும் நம்மிடையே உளர். பயணத்தை நாம் ஓய்வின் கணக்கில் எழுதிவிடுகிறோம். "வண்டியில் சும்மாதானே உட்கார்ந்து வந்தாய்?" என்ற சொல் நம் இல்லங்களில் எத்துணை எளிதாக வழங்குகிறது! சும்மா வருதல் என்று ஒன்றில்லை என்பதை அந்தக் குதிரைக்காரர் அறிந்திருந்தார்.

நம் ஊர் எல்லைகளில் ஐயனாரின் மண்குதிரைகள் சேணமும் கடிவாளமும் மணிமாலையும் பூண்டு, இரவும் பகலும் ஆயத்தமாக நிற்கின்றன. அவற்றைக் குயவர் அவ்வாறே வனைந்தார். அவற்றிற்கு வியர்ப்பதில்லை, மூச்சும் வாங்குவதில்லை. உயிருள்ளவை அவ்வாறு நிற்க இயலா. அடுத்த முறை நிலையத்திலிருந்து தாயை அழைத்து வரும் அன்பர்கள், அன்று ஒருநாள் அடுப்பைத் தாமே பற்றவைத்து, அவரை உறங்க விடுவார்களாயின், இக்கட்டுரை எழுதிய பயனை நாம் பெற்றவராவோம்.