பட்டி பார்த்த கை

ஈஞ்சம்பாக்கத்தில் சோழமண்டலம் ஓவியர் கிராமத்தைத் தாண்டி, கடல் பக்கம் திரும்பும் ஒரு சந்தில் அந்த வீடு இருக்கிறது. மொட்டை மாடியில் தகரக் கூரை போட்டு ஓவியக்கூடம் ஆக்கியிருக்கிறார்கள். நான் போனது மே மாதத்துப் பகல். நான் கடைசியாகத் தூரிகை பிடித்தது எங்கள் வீட்டு கேட்டுக்குக் கறுப்பு எனாமல் அடிக்க. இப்போது ‘தொட்டுப் பார்க்கத் தோன்றும்’ அரூப ஓவியம் ஒன்றை ஒரே நாளில் செய்துவிடலாம் என்று வந்திருந்தேன்.

கூடத்துக்குச் சொந்தக்காரர் ஒரு பெண் ஓவியர். எல்லோருக்கும் ‘டீச்சர்’. ஆனால் என்னை உட்காரவைத்துக் கற்றுக்கொடுத்தவர் அவருடைய உதவியாளர். இருபது வருடத்துக்கும் மேல் வீடுகளுக்கு வெள்ளையடித்துப் பட்டி பார்த்த மேஸ்திரி. சாரத்தில் ஏற முழங்கால் ஒத்துழைக்காமல் போனபின் இங்கே வந்தவர்.

“கடல் மண் கொஞ்சம் அள்ளிட்டு வந்திருக்கேன், மேஸ்திரி. பசையில கலந்தா சொரசொரப்பா வரும்னாங்க” என்று பையை நீட்டினேன்.

“கடல் மண்ணா? வேணாம் சார். உப்பு பூத்துடும்.”

வீட்டுச் சுவருக்கான விதியேதான். கடல் மண்ணின் உப்பு காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். அதன்மேல் எந்தப் பூச்சும் நிலைக்காது. அவர் ஆற்று மணலைக் கழுவி, காயவைத்து, மாவுச் சல்லடையில் சலித்து ஹார்லிக்ஸ் பாட்டிலில் வைத்திருந்தார்.

கடையில் மாடலிங் பேஸ்ட் என்று டப்பாவில் விற்கிறார்கள். விலை கொஞ்சம் உறைக்கும். மேஸ்திரி சாக்பீஸ் பவுடரும் ஃபெவிகாலும் சேர்த்து, வெள்ளை அக்ரிலிக் கொஞ்சம் விட்டுப் பிசைந்தார். கரண்டியில் எடுத்துக் கவிழ்த்தால் விழக் கூடாது, அதுதான் பதம். தஞ்சாவூர் ஓவியத்தில் தங்கத் தாள் ஒட்டுவதற்கு முன் சுக்கான் தூளைப் பசையோடு குழைத்து மேடு எழுப்புவார்களே, மக்கு வேலை, அதற்கு இது தூரத்து உறவு. சுவருக்கு அடிக்கும் பட்டி மூட்டையும் மூலையில் கிடந்தது. அதைக் கேன்வாஸில் போடக் கூடாதாம். வெள்ளை சிமென்ட் காய்ந்தால் விறைத்துவிடும், துணியோ தொய்ந்து அசையும், வெடிக்காமல் என்ன செய்யும்? புதிதாகப் பழகுகிறவர்களுக்குப் பலகைதான் நல்லது என்று எனக்கு இரண்டடிக்கு இரண்டடி பிளைவுட் ஒன்றைக் கொடுத்தார்.

பட்டித் தகட்டால் பசையை இழுத்தேன். கை தானாகவே சமப்படுத்தியது. கேட்டுக்கு எனாமல் அடித்த கை அல்லவா? மேடு தெரிந்தால் தேய்க்கிறது, பள்ளம் தெரிந்தால் நிரப்புகிறது. பத்து நிமிடத்தில் பலகை, குடிபோகத் தயாரான வீட்டுச் சுவர்போல ஆகிவிட்டது.

மேஸ்திரி சிரித்தார். “எனக்கும் ஆறு மாசம் இதே கதைதான் சார். டீச்சர் திட்டிட்டே இருப்பாங்க. பாக்கெட்ல உப்புத்தாள் இருந்தா பிடுங்கி வச்சுப்பாங்க.”

பிறகு தகட்டை வாங்கி, செங்குத்தாக நிறுத்தி ஒரு இழு இழுத்தார். பசை அலையாக எழுந்து நின்றது. உடைந்த ரம்பத் துண்டால் ஒரு ஓரத்தைக் கீறினார். கோணியை அழுத்தி எடுத்தார், நெசவு அப்படியே பதிந்தது. “இப்ப கையை எடுத்துடுங்க.” இந்த ஒரு வாக்கியத்தை அன்றைக்கு எட்டு முறையாவது கேட்டிருப்பேன். ஒரேயடியாகக் கனமாக அப்பினால் மேல்பக்கம் முதலில் காய்ந்து சுருங்கும், உள்ளே ஈரம் இருக்கும், பிளந்துவிடும். அதனால் ஒரு பூச்சு, ஒரு இரவு. எனக்கு இரவில்லாததால் மெல்லிசாகப் போட்டு மொட்டை மாடி வெயிலில் வைத்தோம்.

காய்கிற நேரத்தில் டீச்சர் டீயோடு வந்து பழங்கதை பேசினார். 1966இல் கே.சி.எஸ். பணிக்கரும் சென்னை ஓவியக் கல்லூரியிலிருந்து வந்தவர்களும் சோழமண்டலத்தைத் தொடங்கியபோது, பாத்திக் துணி போன்ற கைவினைப் பொருள்களைச் செய்து விற்ற காசில்தான் நிலம் வாங்கினார்கள். கைத்தொழில்தான் ஓவியத்துக்குச் சோறு போட்டிருக்கிறது. பொதுப்பணித் துறையில் வேலை பார்த்துக்கொண்டே, மெட்ராஸ் ஆர்ட் கிளப்பில் மாலை நேரங்களில் பழகி, வெறும் வண்ணத்தாலேயே பேசும் அரூப ஓவியங்களுக்கு வந்து சேர்ந்த அச்சுதன் கூடல்லூரைப் பற்றியும் சொன்னார். அலுவலகம் போகிறவனாகிய எனக்குக் கொஞ்சம் தெம்பு வந்தது. அது அரை மணி நேரம் நீடித்தது.

வண்ணம் அடிக்கும்போதுதான் அக்ரிலிக்கின் குணம் தெரிந்தது. தண்ணீரில் கரைகிறதே என்று ஏமாறக் கூடாது. காய்ந்துவிட்டால் பிளாஸ்டிக். பிறகு எந்தத் தண்ணீருக்கும் மசியாது. கழுவாமல் டீ குடிக்கப் போனதில் ஒரு தூரிகை துடைப்பக்குச்சி ஆயிற்று. ஈரத்தில் வெளிறித் தெரிகிற நிறம் காய்ந்தால் ஒரு படி கறுக்கும். குழம்பில் உப்புப் போடுவதுபோல் முன்கூட்டியே கணக்குப் பண்ண வேண்டும். முதலில் அடர்நீலத்தை நீர்க்கக் கரைத்துப் பள்ளங்களுக்குள் ஓடவிட்டு, ஈரத்துணியால் மேட்டைத் துடைத்தோம். பின்பு கிட்டத்தட்ட காய்ந்த தூரிகையில் காவியைத் தொட்டு மேடுகளின் முதுகை மட்டும் வருடினோம். கோணித்தடம் சட்டென்று எழுந்து வந்தது.

மேஸ்திரி ஒரு பல்பை ஒயரோடு கொண்டுவந்து பலகையின் பக்கவாட்டில் பிடித்தார். பட்டி பார்த்த சுவரில் மேடு பள்ளம் கண்டுபிடிக்க இப்படித்தான் விளக்கைச் சாய்த்துப் பிடிப்பார்களாம். “அப்போ நிழல் விழுந்தா தேய்க்கணும். இங்க நிழல் விழலைன்னா டீச்சருக்குக் கோவம் வரும்.”

சுவரோரம் சாய்ந்திருந்த பெரிய கேன்வாஸ்களில் பசை வேலை முழுக்க அவருடையது. கீழே கையெழுத்து டீச்சருடையது. கேட்கலாமா என்று தயங்கிக் கேட்டேன்.

“வீட்டுச் சுவத்துல மட்டும் கையெழுத்தா போட்டோம்?” என்றார், பல்பைச் சுற்றிவைத்தபடி. வருத்தமா வேடிக்கையா என்று அந்தக் குரலில் பிரிக்க முடியவில்லை. டீச்சருக்கும் கேட்டிருக்கும். அவர் என் பலகையை மட்டும் பார்த்து, “வலது கீழ் மூலை தூங்குது. இன்னொரு நாள் வாங்க” என்றார்.

பலகையை மடியில் வைத்தபடி பஸ்ஸில் திரும்பினேன். மேலே காய்ந்திருந்தாலும் உள்ளே பசை இளகித்தான் இருந்திருக்கிறது. திருவான்மியூர் நெரிசலில் முன்சீட்டுக் கம்பி அழுந்தி ஒரு நீளப் பள்ளம். வீட்டுக்கு வந்ததும் மேஸ்திரிக்குப் போன் போட்டுப் புலம்பினேன்.

“எந்தப் பக்கம் சார்?”

“வலது கீழ் மூலை.”

“அங்கதான சார் ஒண்ணுமே இல்லாம இருந்துச்சு” என்றார்.