சென்ட் அடித்துக்கொண்ட டீச்சர்

போன ஞாயிறு தென்காசியில் ஒரு கல்யாணம். வாழ்க்கையில் முதல்முறையாக சென்ட் அடித்துக்கொண்டு போனேன். 66 வயதில். சிரிக்காதீர்கள்.

மருமகள் வாங்கி வந்தது. ஷாலிமார் என்று பெயர். பெயரைப் பார்த்து வடநாட்டுச் சரக்கு என்று நினைத்தேன், பாரிஸாம். கெர்லான் கம்பெனி முகலாயத் தோட்டத்தின் பெயரை வைத்து 1925-இல் வெளியிட்டது, இன்னும் விற்கிறது. விசிறி மாதிரி நீல மூடி. "அத்தை, பீரோவுல பூட்டி வச்சிராதீங்க" என்றாள். பீரோவில்தான் வைத்தேன், மூன்று மாதம்.

காரணம் இதைப் படிக்கிற பெண்களுக்குத் தெரியும். அவர் போய் ஒன்பது வருடம் ஆகிறது. பொட்டை நான் விடவில்லை. 31 வருடம் வகுப்பில் மூடநம்பிக்கை கூடாது என்று பேசிவிட்டு எப்படி விடுவது? ஆனால் பூவை விட்டுவிட்டேன். யாரும் விடச் சொல்லவில்லை. கல்யாண வீட்டில் பூத்தட்டு என்னைத் தாண்டிப் போகும், அவ்வளவுதான். பிறகு தட்டு வருவதற்கு முன்பே தண்ணீர் குடிக்க எழுந்துபோகப் பழகிக்கொண்டேன். என் மாணவிகள் படிக்கிற இடத்தில் இதை எழுத வெட்கமாகத்தான் இருக்கிறது.

ஞாயிறு காலை பாளையங்கோட்டையில் கிளம்பும்போது கழுத்தில் ஒன்று, மணிக்கட்டில் ஒன்று அடித்தேன். நாரத்தங்காயை நகத்தால் கீறியது போல வீடே மணத்தது. அது பெர்கமாட், தெற்கு இத்தாலியில் கலாப்ரியா பக்கம் விளைவது. நம் நாரத்தைக்குச் சொந்தக்காரன் என்று வைத்துக்கொள்ளுங்கள். இவ்வளவு வாசத்தோடு சபைக்கு எப்படிப் போவது என்று பயந்தே போனேன்.

பஸ்ஸில் உட்கார்ந்ததும் வேதியியல் டீச்சருக்குப் புத்தி வந்தது. ஆரஞ்சுத் தோலை மெழுகுவர்த்திச் சுடரில் பிழிந்து காட்டுவேனே, பட்பட்டென்று பொரியுமே, ஞாபகம் இருக்கிறதா? அந்த எண்ணெயில் பெரும்பகுதி லிமோனின். கொதிநிலை 176 டிகிரி. லேசான சரக்கு, உடம்புச் சூட்டிலேயே சீக்கிரம் பறந்துவிடும். வெனிலாவுக்கு மணம் தரும் வெனிலினுக்கோ 285 டிகிரி. அது அவசரப்படாது. இந்த சென்டில் அதன் உறவுக்காரனான எத்தில் வெனிலினும் உண்டு, அது இன்னும் காட்டம். ஆலங்குளம் தாண்டுவதற்குள் நாரத்தை இறங்கிக்கொண்டது. வெனிலா மட்டும் கதகதப்பாக என்னோடு தென்காசி வந்தது.

மண்டபத்தில் என் பெரிய நாத்தனார் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவர் தாலியறுத்து 22 வருடம். கொஞ்ச நேரத்தில் மூக்கை உறிஞ்சி, "யாரு சென்ட் போட்டிருக்கா?" என்றார். எனக்கு வாய் வரவில்லை. அவருடைய பேரன்தான், என் மடியில் கிடந்தவன், சத்தமாகச் சொன்னான்: "இந்த ஆச்சி மேல ஐஸ்கிரீம் வாசம்!"

நாலைந்து பேர் திரும்பிப் பார்த்தார்கள். மதினி என் கையை இழுத்து மணிக்கட்டை முகர்ந்தார். இன்ஸ்பெக்ஷன் நாளில் கூட நான் அப்படி உட்கார்ந்ததில்லை.

"எவ்வளவு நேரம் நிக்கும்?"

"சாயங்காலம் வரைக்கும் நிக்கும் மதினி."

ஒன்றும் பேசாமல் தன் மணிக்கட்டை என் மணிக்கட்டில் வைத்து இரண்டு தேய் தேய்த்துக்கொண்டார். பிறகு மேடையைப் பார்த்து உட்கார்ந்துவிட்டார்.

பூத்தட்டு வந்தபோது நான் எழுந்து போகவில்லை. பூ எடுக்கவும் இல்லை. அதற்கு இன்னும் தைரியம் வரவில்லை.