பத்து ரூபாய் ஒலிநாடா

எங்கள் வீட்டில் ஞாயிற்றுக்கிழமைக்குத் தனி மரியாதை கிடையாது; அமாவாசைக்குத்தான் உண்டு. ஆரணியில் பட்டுத்தறி ஓடும் வீடுகளில் பிறந்தவர்களுக்கு இதன் காரணம் தெரியும். அன்று தறியில் இறங்கமாட்டார்கள். மாதம் முழுவதும் தறிக்குழியில் காலைத் தொங்கவிட்டுக் குனிந்தே இருக்கும் என் தந்தை, அன்று ஒருநாள்தான் வெளுத்த வேட்டி கட்டிக்கொண்டு தெருவில் நிமிர்ந்து நடப்பார்.

அமாவாசைப் பயணம் என்றவுடன் ஊட்டி, கொடைக்கானல் என்று எண்ணிவிட வேண்டாம். படவேடு ரேணுகாம்பாள் கோயில், வேலூர்க் கோட்டை, மேல்மலையனூர் - இவ்வளவுதான் எங்கள் உலகம். அம்மா விடியற்காலையிலேயே புளிச்சோறு கிளறித் தூக்குப்பாத்திரத்தில் அடைத்துவிடுவார். 2021 முதல் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை அல்லவா? அந்தப் பேருந்து வரும்வரை அப்பா எங்களை நிற்க வைத்துவிடுவார். அம்மாவுக்கும் தங்கைக்கும் ஆகும் சீட்டுக்காசு மிச்சம். அந்த மிச்சத்தில் தங்கைக்கு ஐஸ். அப்பாவுக்கு ஒரு பழைய பாட்டு கேசட்.

பழைய பொருள்களைச் சாக்கு விரித்து விற்பவரைக் கண்டால் அப்பாவின் கால்கள் தாமாக நின்றுவிடும். கேசட் ஒன்று பத்து ரூபாய்; மூன்றாக எடுத்தால் இருபத்தைந்து. எல். ஆர். ஈஸ்வரியின் அம்மன் பாடல்கள், சூலமங்கலம் சகோதரிகளின் கந்த சஷ்டி கவசம், சீர்காழியார் என்று தமிழில் எழுதியிருப்பதையெல்லாம் எழுத்துக்கூட்டிப் படித்துத் தேர்ந்தெடுப்பார். கடைசியில் ஆங்கில எழுத்து மட்டும் உள்ள ஒன்றையும் எடுப்பார். ஏன் என்று நான் கேட்டதில்லை.

சென்ற ஆடி அமாவாசையன்று படவேட்டிலிருந்து திரும்பி ஆரணியில் இறங்கினோம். சாலையோரம் சாக்கு விரித்திருந்தது. அப்பா குந்தி உட்கார்ந்துவிட்டார். அவ்வேளையில் என் வகுப்பு நண்பன் ஒருவன் எதிரே வந்தான். என்ன நினைத்தேனோ, நான்கடி தள்ளிப்போய்க் கைப்பேசியைப் பார்ப்பவன்போல் நின்றுகொண்டேன்.

“டே, இங்க வாயேன். இதுல இன்னா எழுதியிருக்குது, படிச்சிச் சொல்லு” என்று அப்பா அழைத்தார். எனக்குக் கேட்டது, கேளாதவன்போல் இருந்தேன். அவர் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார். அருகில் நின்ற நண்பனையும் பார்த்தார். மறுபடி அழைக்கவில்லை. கையில் இருந்ததற்குப் பத்து ரூபாயைக் கொடுத்துவிட்டு எழுந்தார். நண்பன் விடைபெற்றுப் போகும்வரை எங்களருகில் வரவே இல்லை.

அன்றிரவு அவர் அதைப்பற்றி ஒன்றும் சொல்லவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் கேசட்டைப் பிரித்துக்கொண்டிருந்தார். உள்ளே நாடா அறுந்திருந்தது. எங்கள் வீட்டில் ‘நாடா’ என்றால் தறியில் ஊடை ஓட்டுவது. இதுவும் ஒரு நாடாதான் என்பதுபோல இரண்டு முனைகளையும் பிளேடால் சாய்வாக வெட்டி, ஒட்டுத்தாள் வைத்து நகத்தால் தேய்த்தார். அறுந்த பட்டிழையைப் பிணைத்துப் பழகிய விரல்கள் அவை. ஒட்டு இருந்த இடமே தெரியவில்லை.

டேப் ரெக்கார்டரில் போட்டார். பாட்டு வரவில்லை, வயலின்கள் எழுந்தன. அப்பா அசையாமல் இருந்தார்.

“இதாண்டா!” என்றார். பன்னிரண்டு வயதில் பள்ளிக்கூடத்தை விட்டு, வேறொருவர் தறியில் கரை கோத்துக் கொடுக்கப் போனாராம். அந்த வீட்டில் இந்த இசை ஓடுமாம். “பேரு கேக்க பயம். அப்பறம் கடையில போயி இன்னான்னு கேக்கறது? பாட்டா, பாடிக் காட்ட?”

படிக்கத் தெரியாத கேசட்டை அவர் ஏன் ஒவ்வொரு முறையும் எடுத்தார் என்பது அப்போதுதான் எனக்கு விளங்கியது. மேலே இருந்த எழுத்தைப் படித்தேன்: ‘ஹவ் டு நேம் இட்?’ இளையராஜா 1986-இல் வெளியிட்டது; தியாகராஜருக்கும் ஜெர்மானிய இசைமேதை பாஹுக்கும் காணிக்கையாக்கப்பட்டது. “அப்படின்னா?” என்றார் அப்பா. “‘இதுக்கு எப்படிப் பேர் வைக்கறது’ன்னு அர்த்தம்பா” என்றேன். அவர் வாய்விட்டுச் சிரித்தார். “பாரேன், அவருக்கே தெரியலையாம்!”

பிலிப்ஸ் நிறுவனம் 1963-இல் கொண்டுவந்த இச்சிறு பெட்டி, 1980-களில் நம் நாட்டில் மலிந்தபோது, இசைத்தட்டு வாங்க முடியாத வீடுகளுக்கெல்லாம் இசையைக் கொண்டுவந்தது. அதில் நாடா வினாடிக்கு 4.76 சென்டிமீட்டர் ஓடும். கணக்கிட்டுப் பார்த்தேன்: ஒரு மணி நேரக் கேசட்டுக்கு ஏறத்தாழ 86 மீட்டர் நாடா! அதன்மேல் பூசிய இரும்பு ஆக்சைடுத் துகள்களில் இசை காந்தமாகப் பதிந்திருக்கிறது. காந்தப் புலம் நீங்கிய பின்னும் பொருள் தான் பெற்றதை விடாமல் வைத்திருப்பதைக் ‘காந்தத் தயக்கம்’ என்னும் பாடத்தில் இரண்டாம் ஆண்டில் படிக்கிறோம். தேர்வுக்காக அதன் வளைகோட்டைப் பலமுறை வரைந்த எனக்கு, அதன் பொருள் எங்கள் தறிக்குழியருகே அன்றுதான் புரிந்தது.

இதெல்லாம் கைப்பேசியில் காசின்றிக் கிடைக்கிறதே என்பீர்கள். கிடைக்கிறது. ஆனால் அதைத் தேட ஒரு பெயர் வேண்டும். அந்தப் பெயரைப் படிக்க ஒருவன் வேண்டும். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். நான் படித்தது முதலில் பயன்பட்டிருக்க வேண்டிய இடத்தில் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அடுத்த அமாவாசைக்கு நானும் அப்பாவுக்குப் பக்கத்தில் சாக்கின் முன் குந்தி, ஒவ்வொன்றாகப் படித்துச் சொன்னேன். அந்த நண்பன் அன்று அவ்வழியே வரவில்லை. இந்த மலரை அவனும் படிப்பான் என்பதால் இங்கேயே சொல்லிவிடுகிறேன்: நண்பா, அன்று சாலையோரம் குந்தியிருந்தவர் என் அப்பா.

- இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் (இயற்பியல்)