கொல்லிமலையில் வள்ளி

சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) எழுதிய நாடகங்களுள், நூறாண்டு கடந்தும் ஊர்த் திருவிழா மேடைகளில் ஓயாமல் நிகழ்ந்துவருவது ‘வள்ளித் திருமணம்’. ஓர் இரவு முழுவதும் பாட்டாலும் தர்க்கத்தாலும் நகர்கிற நாடகம் அது. லண்டனிலும் நியூயார்க்கிலும் ஓர் இசை நாடகம் ஒரே ஊரில் பத்தாண்டு, இருபதாண்டு என்று ஓடுவதை நாம் வியப்போடு படிக்கிறோம். நம்முடைய நாடகத்துக்கு நிலையான அரங்கம் கிடையாது; நிலையான குழு கிடையாது; ஒத்திகைகூடக் கிடையாது. ஆனாலும் ஊர் ஊராக அது ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. அது எப்படி உயிரோடு இருக்கிறது என்பதை நூலை மட்டும் வைத்துக்கொண்டு விளங்கிக்கொள்வது கடினம். நேரில் பார்க்கவேண்டும். அதிலும் எந்த ஊரில் பார்க்கிறோம் என்பது முக்கியம்.

‘ஸ்பெஷல் நாடகம்’ என்ற பெயரே இதன் இயங்குமுறையைச் சொல்லிவிடும். ராஜபார்ட் ஓர் ஊரிலிருந்தும், ஸ்திரீபார்ட் வேறோர் ஊரிலிருந்தும், பபூன் மற்றோர் ஊரிலிருந்தும் தனித்தனியே பேசி வரவழைக்கப்படுகிறார்கள். ஆர்மோனியக்காரரும் மிருதங்கக்காரரும் அப்படியே. இருட்டிய பிறகு ஒப்பனைக் கொட்டகையில் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்கிறார்கள். பத்து மணிக்கு மேல் மேடை ஏறுகிறார்கள். எல்லோருக்கும் பொதுவாக இருப்பவை சுவாமிகளின் பாடல்களும் கதையின் வரிசையும்தாம். இடைப்பட்ட உரையாடலை அன்றைய இரவில், எதிரே நிற்பவரின் சொல்லைப் பிடித்துக்கொண்டே கட்டவேண்டும். இக்கலைஞர்களிடையே பழகி ஆராய்ந்து சூசன் சைசர் 2005இல் ஆங்கிலத்தில் ஒரு நூல் வெளியிட்டார். நடிகர்கள்மேல், குறிப்பாக நடிகைகள்மேல், சமூகம் ஏற்றிவைத்திருக்கும் இழிபெயரும் அதை அவர்கள் அன்றாடம் எதிர்கொள்ளும் விதமும்தான் அதன் மையப் பொருள். இரவெல்லாம் ஆண்களோடு மேடையில் நின்று வாதாடுகிற பெண்ணுக்குப் பகலில் கிடைக்கும் பார்வை என்ன என்பதை நாம் எல்லோரும் அறிவோம்.

காலத்துக்கேற்ப வளைவது இந்நாடகத்தின் இயல்பு. வள்ளி பரண்மீது நின்று பறவைகளை விரட்டும் காட்சியில், விடுதலைப் போராட்ட காலத்து நடிகர்கள் வெள்ளைக் கொக்கை வெள்ளைக்காரனாக்கி விரட்டினார்கள். பார்வையாளர்களுக்கு அது உடனே விளங்கியது, போலீசாருக்கும் விளங்கியது. அவ்வாறு பாடிப் பலமுறை சிறை சென்ற விசுவநாததாஸ், 1940இன் இறுதியில் சென்னையில் இதே நாடகத்தில் முருகனாக மயில்மீது அமர்ந்தபடியே மேடையில் உயிர்நீத்தார். கிட்டப்பாவும் கே.பி. சுந்தராம்பாளும் வேலனும் வள்ளியுமாக நின்ற மேடைகளைப் பற்றிப் பெரியவர்கள் கதைகதையாகச் சொல்வார்கள். 1945இல் ஏவி.எம். இதே கதையை ‘ஸ்ரீவள்ளி’ என்று படமாக்கியபோது டி.ஆர். மகாலிங்கத்தின் குரல் ஊரெங்கும் ஒலித்தது. திரையில் ஒருமுறை பதிவானது அப்படியே நின்றுவிட்டது. மேடையிலிருப்பதோ ஒவ்வோர் இரவும் வேறாகிறது.

நான் அதைக் கொல்லிமலையில் பார்த்தது ஒரு பங்குனி மாதத்தில். எங்கள் கல்லூரியில் முதுகலை முடித்த மாணவி ஒருத்தியின் ஊர் அது. மலைமேல், செம்மேட்டிலிருந்தும் உள்ளடங்கிய சிற்றூர். மாரியம்மன் திருவிழாவில் இளைஞர்கள் ஆடல்பாடல் நிகழ்ச்சி வைக்க விரும்பினார்களாம். பெரியவர்கள் நாடகம்தான் என்று நின்றுவிட்டார்களாம். வள்ளித் திருமணம் போட்டால் மழை இறங்கும் என்பது அவர்கள் நம்பிக்கை. “குறிஞ்சித்திணை நடத்தினீங்களே, அம்மா, ஒரு தடவை வந்து பாருங்க” என்று அவள் அழைத்திருந்தாள். காரவள்ளியிலிருந்து எழுபது கொண்டை ஊசி வளைவுகள். மேலே ஏறியதும் காற்று மாறியது. காப்பிச் செடிகள் பூத்திருந்தன. மல்லிகையைப் போன்ற அந்த மணம் மேடை வரைக்கும் வந்தது.

மேடையின் இருபுறமும் பெண்கள் பாய் விரித்து, போர்வையோடு அமர்ந்திருந்தார்கள். மாணவியின் பாட்டிக்கு அருகில் எனக்கு இடம் கிடைத்தது. முதலில் பபூன் வந்தார். வழக்கம்போல் நெடுநேரம் சிரிக்கவைத்தார். நள்ளிரவுக்குப் பிறகு காட்டுச் சீன் எழுதிய படுதா இறங்கியது. ஆர்மோனியம் சுருதி கூட்டியதும் வள்ளி பரண் ஏறினாள். கையில் கவண். ஆலோலம் பாடத் தொடங்கினாள். பபூன் கீழிருந்து, “அம்மா வள்ளி, நீ காக்கிறது தினையா, மரவள்ளியா?” என்றார். கூட்டம் வெடித்துச் சிரித்தது. பாட்டி மட்டும் சிரிக்கவில்லை.

இந்தச் சிரிப்பின் பின்புலம் வெளியூரார்க்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. ஒரு காலத்தில் சாமையும் தினையும் கேழ்வரகும் விளைந்த மலைச் சரிவுகளில் சில பத்தாண்டுகளாகக் குச்சிக்கிழங்கு என்னும் மரவள்ளிதான் மிகுதி. அது கீழே சேலம், நாமக்கல் பக்கத்து ஜவ்வரிசி ஆலைகளுக்குப் போகிறது. வாங்குவதும் விலை சொல்வதும் கீழ்நாட்டார். எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் போன்றவை சிறுதானியங்களை மீட்க இம்மலையில் நீண்ட காலமாக முயன்றுவருகின்றன. இப்போது நகரத்துக் கடைகளில் சாமைக்கும் தினைக்கும் மதிப்புக் கூடியிருக்கிறது. ஆயினும் உரலில் குற்றி உமி நீக்கும் உழைப்பை எண்ணி வீடுகளில் ரேஷன் அரிசியே பொங்குகிறார்கள். வள்ளிக்கிழங்கு அகழ்ந்த குழியில் கிடைத்ததால் வள்ளி என்று பெயர் பெற்றவள் அவள். அவளுடைய புனத்தில் இன்று கடல் கடந்து வந்த வேறொரு வள்ளி வேரூன்றிவிட்டது. பபூன் ஒரே சொல்லில் இவ்வளவையும் சொல்லிவிட்டார்.

மாணவியின் வீட்டிலும் அவ்வாண்டு அதே பேச்சுதான். பாட்டி சாமை விதைத்துவந்த கடைசித் துண்டு நிலத்தையும் கிழங்குக்குக் குத்தகைக்கு விட்டுவிடுவது என்று அவள் தந்தை முடிவு செய்திருந்தார். மாணவி பி.எட். படிக்கச் சேலம் போகவேண்டும். அதற்குப் பணம் வேண்டும். அவர் கணக்கில் தவறு ஏதும் இல்லை. பாட்டியும் எதிர்த்துப் பேசவில்லை என்று அவள் சொன்னாள்.

வேடன் வந்தான். மான் ஒன்றைத் துரத்தி வந்ததாகச் சொன்னான். பிறகு தொடங்கியது தர்க்கம். வேடன் பாடுவான், அதே சுருதியில் வள்ளி மறுப்பாள். அவன் குலத்தைக் கேட்பாள், ஊரைக் கேட்பாள், மானின் அடையாளத்தைக் கேட்பாள். இதெல்லாம் எங்கும் நடப்பதுதான். சற்று நேரத்தில் பாட்டை நிறுத்திவிட்டு வள்ளி வசனத்தில் கேட்டாள்: “உம்மோடு நான் வந்துவிட்டால் இந்தப் புனத்தை யார் காப்பது?”

வேடன் வாய் திறப்பதற்குள் என் அருகிலிருந்து பாட்டியின் குரல் எழுந்தது. “ஆருமில்ல, கண்ணு.”

அவர் உரக்கச் சொல்லவில்லை. மேடையும் தொலைவில் இல்லை. பெண்கள் பக்கம் சிரிப்பலை எழும்பிப் பாதியில் நின்றது. பரண்மேல் நின்றவள் எங்கள் பக்கம் ஒரு கணம் பார்த்தாள். பிறகு வேடனிடம் திரும்பி, “கேட்டீரா வேடரே, யாரும் இல்லையாம். மலை ஏறி வருகிறவர்கள் தேன் கேட்கிறீர்கள், தினைமாவு கேட்கிறீர்கள், பெண்ணையும் கேட்கிறீர்கள். காவலுக்கு ஒருவர்கூட வருவதில்லையே, ஏன்?” என்றாள். அதன்பின் ஆர்மோனியக்காரர் எடுத்துக்கொடுக்க, அவள் பாடியது சுவாமிகளின் பாட்டுத்தான். ஆனால் அந்தக் கேள்விக்குப் பிறகு வந்ததால் அது புதுப் பாட்டாகக் கேட்டது. பாய்களில் படுத்திருந்தவர்களெல்லாம் எழுந்து உட்கார்ந்துவிட்டார்கள். ராஜபார்ட் தேர்ந்த கலைஞர்தான். அவரும் மூன்று கட்டைகளில் அலைந்து பார்த்தார். அந்த இரவு அவரால் வெல்ல முடியவில்லை.

சமவெளியில் இக்கதை தெய்வக் காதல். முருகனோடு கூடிய வள்ளியை நற்றிணை 82ஆம் பாட்டு முதலாகவே அறிந்திருக்கிறோம். கந்தபுராணம் அதை முத்திக்குரிய கதையாக்கிற்று. மலைமேல் அமர்ந்து பார்க்கையில் வேறொன்றும் தெரிகிறது: கீழிருந்து ஒருவன் வருகிறான். வேடனாக வருகிறான், கிழவனாக வருகிறான். ஒவ்வொரு வேடத்திலும் ஏதோ ஒன்றைக் கேட்கிறான். கொல்லிக்கு இது புதிதன்று. ஓரியைக் கொன்று மலையைச் சேரனுக்குக் கொடுத்தவன் காரி. பிற்காலத்தில் காப்பிக்கும் வந்தார்கள், பாக்சைட்டுக்கும் வந்தார்கள், கிழங்குக்கும் வந்தார்கள்.

இதே மலையில் இன்னொரு வேடனும் இருந்தான். புறநானூற்று 152ஆம் பாட்டில் வன்பரணர் காட்டும் ஓரி அவன். பாணரும் விறலியரும் காட்டில் அவனை எதிர்கொள்கிறார்கள். யாரென்று அறியாமலேயே அவன் வில்லாற்றலை வியந்து, இசைக்கருவிகளை ஒலிக்கச்செய்து பாடுகிறார்கள். அவன் நாணுகிறான், சமைத்த இறைச்சியும் கள்ளும் கொடுத்து, தன் மலையில் பிறந்த பொன்னையும் மணியையும் காட்டிலேயே வழங்கிவிடுகிறான். நாடகத்து வேடன் பாடிக்கொண்டு வந்து கேட்கிறான். புறப்பாட்டு வேடன் பாட்டைக் கேட்டுக் கொடுக்கிறான். இரண்டும் கொல்லி மலையின் முன்னால் வைத்துப் பார்க்கவேண்டிய பாட்டுகள் என்று எனக்குத் தோன்றியது.

விடியும் நேரத்தில் யானை வந்தது. வள்ளி அஞ்சிக் கிழவனைத் தழுவினாள், முருகன் உருக்காட்டினான். கதை அப்படித்தான் முடியவேண்டும். திருமணம் நடந்தால்தான் அம்மனுக்கும் நிறைவு, ஊருக்கும் நிறைவு. பாட்டி எழுந்து நின்று கும்பிட்டார். இரவில் வள்ளியின் பக்கம் நின்றவர், விடியலில் முருகனை வணங்கினார். இதில் முரண் இருப்பதாக அங்கே யாரும் நினைக்கவில்லை. எனக்கும் அதை முரண் என்று சொல்ல மனமில்லை.

ஒப்பனையைத் தேங்காயெண்ணெயால் துடைத்துக்கொண்டிருந்த நடிகையிடம் சென்று பேசினேன். புதுக்கோட்டைப் பக்கத்தவர், முப்பத்தைந்து வயதிருக்கும். அந்தக் கேள்வியை வழக்கமாகக் கேட்பீர்களா என்றேன்.

“இல்லக்கா. வேன்ல ஏறி வரும்போது ரெண்டு பக்கமும் குச்சிக்கிழங்காத்தான் தெரிஞ்சுச்சு. தினைப் புனம்னு இங்க நின்னு பாடப்போறோமேன்னு நெனச்சேன். அது வாயில வந்துருச்சு” என்றார். பாட்டி சொன்னதுதான் தனக்கு அடி எடுத்துக்கொடுத்தது என்றும் சொன்னார். அவர் படித்தது எட்டாம் வகுப்பு வரை.

ஓரியிடம் பரிசில் பெற்ற பாணர் கூட்டம், பசி தீர்ந்ததால் ஆடவும் பாடவும் மறந்து கிடந்ததாக 153ஆம் பாட்டில் அதே வன்பரணர் சொல்வார். இவர்களுக்கு அப்படி மறக்க வாய்க்கவில்லை. பேசிய சம்பளத்தை எண்ணி வாங்கி, ஊரார் கொடுத்த தேநீரைக் குடித்துவிட்டு, ஏழு மணிக்கெல்லாம் வேன் ஏறிவிட்டார்கள். அன்றிரவு வேறோர் ஊரில் நாடகம். சன்னலோரம் அமர்ந்திருந்த அவர், உறங்காமல் வெளியே பார்த்துக்கொண்டே போனார். அந்த ஊரில் வள்ளி எதைக் காக்கவேண்டியிருக்குமோ, அது அவருக்கு வழியில்தான் தெரியும்.