துருப் பிடித்த வட்டு

மோட்டார் வண்டியின் பிரேக்கைப் பற்றி எழுதுதல் தமிழ் ஆனர்ஸ் வகுப்பு மாணவனுக்கு ஏற்ற செயலாகுமோ என்று நம் கல்லூரி அன்பர் சிலர் ஐயுறலாம். ஏட்டிற் கண்ட சொல்லொன்றன் வன்மையைக் கை நோவ உணர்ந்த இடம் அதுவாதலின், அவ்வையத்துக்கு அஞ்சாது எழுதத் துணிந்தேன். அச்சொல் 'பிடித்தல்' என்பது. துரு இரும்பைத் தின்றது என்கிறோம். துரு ஏறிற்று என்றும் சொல்கிறோம். ஆயினும் பெருவழக்காய் நிற்பது துருப் பிடித்தது என்பதே. அது எத்துணைப் பொருத்தமான வழக்கு என்பதைச் சென்ற கிறிஸ்துமஸ் விடுமுறையில் எங்கள் வீட்டு முற்றத்திற் கண்டேன்.

எங்கள் ஊர் ஆறுமுகநேரி. சுற்றிலும் உப்பளம்; அப்பால் கடல். இரும்பாற் செய்த எப்பொருளும் இங்கு நீடு வாழ்வதில்லை. அதன்மேல் 2023-ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் 17, 18 தேதிகளிற் பெருமழை பெய்தது. அண்டையூராகிய காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை பதிவாயிற்று. எங்கள் கார் மூன்று நாள் சக்கரம் முழுக நீரில் நின்றது. எஞ்சின் ஒருவாறு பிழைத்தது. முன்சக்கரங்களின் பிரேக் வட்டுகளோ, பட்டறைகளில் டிஸ்க் என வழங்குபவை, நாளடைவிற் குழிவிழுந்து கெட்டன. பிரேக்கை அழுத்துந்தோறும் மிதி காலின்கீழ் நடுங்கியது.

அக்காரில்தான் வாரம் இருமுறை எங்கள் ஆச்சியை, இரத்தம் சுத்திசெய்யும் பொருட்டு, ஏறக்குறைய 30 கிலோமீட்டர் தொலைவிலுள்ள தூத்துக்குடிக்கு அழைத்துச் செல்கிறோம். ஆதலின் வண்டியை வாளா விட்டுவைத்தற்கு இயலவில்லை. பட்டறையார் ஒருவர் பார்த்து, "டிஸ்க் ஜாம் ஆகிவிட்டது, கழலாது, ஹப்போடு மாற்றவேண்டும்" என்றார். அவர் கேட்ட தொகை எங்கள் வீட்டின் இரண்டு மாத மருந்துச் செலவுக்கு ஈடாயிருந்தது.

பஞ்சாலையிற் பிட்டராயிருந்து ஓய்வு பெற்ற பெரியப்பா, "நாமே கழற்றுவோம்" என்றார். என் தந்தையார் தயங்கினார். "அண்ணன், வேறு எதுவானாலும் சரி, இது பிரேக்காயிற்றே" என்றார். "பிரேக்காகையால்தானே நம் கண்ணாலே பார்த்துச் செய்யவேண்டும் என்கிறேன்" என்று பெரியப்பா விடையிறுத்தார். இருவர் கூற்றும் மெய்யே. கைதேர்ந்தவர் ஒருவர் பக்கத்தில் இல்லாது இவ்வேலையைத் தொடுதல் தகாது என்பது என் கருத்து. அத்தகையவர் இருப்பின், இதில் அறியவொண்ணாத மறைபொருள் ஒன்றுமில்லை.

அமைப்பு மிக எளிது. மாட்டுவண்டிச் சக்கரத்திற் குடம் எனப்படும் உறுப்பே காரில் ஹப் ஆகும். அக்குடத்தின்மேல் வார்ப்பிரும்பு வட்டு தொப்பிபோற் கவிந்து உடன் சுழல்கிறது. காலிப்பர் என்னும் கவ்வி, பேடு எனப்படும் இரண்டு உராய்கட்டைகளால் அவ்வட்டை இருபுறமும் நெருக்கி நிறுத்துகிறது. 1902-இல் இங்கிலாந்தில் லாஞ்செஸ்டர் என்பார் இதற்கு உரிமை பெற்றார். எனினும், 1953-இல் லெ மான் பந்தயத்தில் இத்தகைய பிரேக் பூண்ட ஜாகுவார் வண்டி வென்ற பின்னரே இதன் புகழ் ஓங்கிற்று.

வண்டியை ஜாக்கியால் உயர்த்தி, ஜாக்கியை மட்டும் நம்பாது இரும்புத் தாங்கிகளின்மேல் இருத்திப் பின்சக்கரங்களுக்குக் கல் அடைகொடுத்தோம். காலிப்பரைக் கழற்றி, அதன் ரப்பர்க்குழாயிற் பாரம் விழாதபடி கம்பியாற் கட்டித் தொங்கவிட்டோம். இனி வட்டு கையோடு வரவேண்டும், வரவில்லை. இரும்பு துருவாகுங்கால் முன்னினும் மிக்க இடங்கொள்ளும். வட்டுக்கும் குடத்துக்கும் இடையிலிருந்த மயிரிழை வெளியைத் துரு நிரப்பி, நிரம்பிய பின்னும் பருத்து, இரண்டையும் இறுகப் பற்றியிருந்தது. பிடித்தது என்னாது வேறென்னென்பது!

யான் சுத்தியலை ஓங்கவே பெரியப்பா கையமர்த்தினார். "தம்பி, டிஸ்க்கு பழைய இரும்புக்குப் போவது; உடைந்தாலும் போகட்டும். உள்ளேயிருக்கிற பேரிங்கு நம்முடையது, அடி அதற்குப் போகக்கூடாது" என்றார். வட்டைக் குடத்தோடு பிணைத்த திருகாணிகள் இரண்டு. தலையில் அடித்தால் முனை திரும்பும் திருப்புளியொன்றைத் தம் பழைய பெட்டியிலிருந்து எடுத்து ஒன்றைக் கழற்றினார். மற்றொன்று அசையாமையின் அதன் தலையைத் துளையிட்டு நீக்கினோம். சக்கர நட்டுகளே வட்டை இறுக்கிப் பிடிப்பவையாதலின், அது போனதாற் கேடில்லை. பின்னர்ச் சந்துகளில் துரு இளக்கும் எண்ணெய் விட்டு இராமுழுதும் ஊறவைத்தோம்.

மறுநாட் காலையில் வட்டின் முகத்திலிருந்த இரண்டு மரையுள்ள துளைகளை எனக்குக் காட்டினார். அவற்றிற் போல்ட்டுகளைச் செலுத்தி முறுக்கினால், அவை குடத்தின் முகத்தை உந்தி வட்டை வெளியே தள்ளும். வட்டு தெறித்துக் காலில் விழாவண்ணம் சக்கர நட்டுகளைச் சில மரைகள் மட்டும் ஏற்றிவைத்தார். யான் இவ்வொன்றை அரைச்சுற்று, அவ்வொன்றை அரைச்சுற்றாக மாறிமாறி முறுக்கினேன். அவர் இடையிடையே தொப்பியின்மேல் மெல்லத் தட்டினார். ஒரு நாழிகை சென்றிருக்கும். வெடி வெடித்தாற்போல் ஓரொலி எழ, ஆச்சி உள்ளிருந்து "என்னலே உடைஞ்சது?" என்று வினவினார். வட்டு கழன்று நட்டுகளின்மேல் ஆடிக்கொண்டிருந்தது. மற்றப் பக்கத்து வட்டு அரைமணியில் வந்துவிட்டது.

கழற்றியதினும் குடத்தைத் துடைத்தற்கே பெரியப்பா மிகுந்த நேரம் செலவிட்டார். நடுவில் ஒட்டிய சிறு துருச்செதில் புதுவட்டைச் சாய்க்கும். அச்சாய்வு விளிம்பிற் பெருகும். மிதி மீண்டும் நடுங்கும். கம்பித்தூரிகையால் இரும்பின் நிறம் தோன்றுமளவும் தேய்த்துப் பசை சிறிது தடவினோம். புதுவட்டுகளின் காப்பெண்ணெயைக் கழுவி, புதுப் பேடுகளையும் இருபுறமும் ஒருங்கே பொருத்தினோம்.

எல்லாம் முடித்துத் தந்தையார் மிதியை அழுத்தினார். அது தடையின்றித் தரைவரை இறங்கிற்று. அவர் முகம் வெளிறியதைக் கண்டேன். "இன்னும் அழுத்து" என்றார் பெரியப்பா. பேடுகளுக்கு இடமளிக்க நாங்கள் பின்னுக்குத் தள்ளிய பிஸ்டன்கள் மீண்டு வட்டை அணுகும்வரை அங்ஙனமே இருக்குமாம். ஐந்தாம் முறை மிதி கல்லாய் நின்றது. வண்டியைக் கிளப்புமுன் இதனைச் செய்யாதவன் கதி யாதாகும் என்று எண்ணுதற்கும் நடுக்கமாயிருக்கிறது.

இருநாள் தெருவிலும், ஆளற்ற உப்பளச் சாலையிலும் மெல்ல ஓட்டிப் பார்த்த பின்னரே ஆச்சியை ஏற்றினோம். ஆத்தூரை அடுத்து ஓர் ஆட்டுமந்தை திடீரெனச் சாலையிற் குறுக்கிட்டது. தந்தையார் அழுத்தினார், வண்டி நேரே நின்றது. ஆச்சி பின்னிருக்கையில் உறங்கிக்கொண்டிருந்தார், விழிக்கவில்லை.

பழைய வட்டுகளில் ஒன்று பழைய இரும்புக் கடைக்குப் போயிற்று. மற்றதனை ஆச்சி கேட்டு வாங்கி, தண்ணீர்த்தொட்டியின் தகரமூடி காற்றிற் பறவாதபடி பாரமாக வைத்திருக்கிறார். அதனடியில் மூடியும் இப்போது துருப் பிடிக்கத் தொடங்கியிருக்கிறது.